முட்டை அடுப்புக்குத் தேக்கு டேபிள்

ஏனுங்க, வெயில்ல நிக்காதீங்க, உள்ள வாங்க. அந்த ஸ்டூல்ல உக்காருங்க, இருங்க, தூசியைத் தட்டித் தர்றேன். பட்டறைன்னா மரத்தூள் இருக்கத்தான் செய்யும். நாங்க பேட்டர்ன் செய்யறவங்க. பம்பு, வால்வு எதை வார்க்கறதா இருந்தாலும் மொதல்ல அதே உருவத்தை மரத்துல செஞ்சு குடுக்கணும். அதை மண்ணுல பதிச்சு எடுத்துட்டு, அந்தக் குழியில இரும்பைக் காய்ச்சி ஊத்துவாங்க. கோயமுத்தூர்ல பம்பு ஓடற வரைக்கும் எங்களுக்குச் சோத்துக்குப் பஞ்சமில்லைங்க.

சரி, நீங்க வந்த விஷயத்துக்கு வருவோம். எங்க கொழுந்தியா மேகலாவை உங்க பையனுக்குக் கேட்டிருக்கீங்க. விசாரிக்க வந்திருக்கீங்க. தப்பே இல்லைங்க. பொண்ணு எடுக்கறவங்க நாலு இடத்துல விசாரிச்சுத்தான் ஆகணும். எனக்குப் பொண்ணு குடுக்கறதுக்கு முன்னாடி எங்க மாமனார் இந்தத் தெரு டீக்கடைல உக்காந்து, நான் டீக்கு எத்தனை சர்க்கரை போடுவேன்கற வரைக்கும் விசாரிச்சாருங்க.

என்ன கேட்டீங்க? பொண்ணு கொஞ்சம் அஜாக்கிரதைன்னு கேள்விப்பட்டீங்களா? அளவைத் தப்பாப் படிச்சு ஒரு தேக்கு டேபிளையே கெடுத்துருச்சுன்னு சொன்னாங்களா? காங்கயத்துல சொன்னாங்களா. அப்பச் சரி, அது எங்க மாமியாரோட அக்கா வேலை. ஆஸ்பத்திரில மருந்து எடுத்துக் குடுக்கற பொண்ணு, ஸ்கேலையே பாக்கத் தெரியாட்டி எப்படின்னு உங்க வீட்டம்மா பயப்படறாங்களா. பயப்படத்தானுங்க செய்வாங்க. மருந்து விஷயமாச்சே.

அந்த டேபிளைச் செஞ்சது நான்தானுங்க. அதனால அந்தக் கதையை எங்கிட்டக் கேட்டதுதான் சரி. இருங்க, எதிர்த்த கடைல டீ சொல்லீர்றேன். சர்க்கரை கம்மியா? சொல்லீட்டேன்.

பையன் புனேலதானே இருக்கறாரு? பம்பு கம்பெனி. நல்லதுங்க. மாப்பிள்ளைன்னா தூரமா இருக்கோணும். கிட்ட இருந்தா முட்டப் பகைன்னு சும்மாவா சொன்னாங்க. கல்யாணம் பண்ணிட்டுப் புனேல போய்ச் சந்தோசமா இருக்கட்டும்.

எங்க மாமனார் நாச்சிமுத்து குடிநீர் வாரியத்துல இருந்து ரிட்டயர் ஆனவரு. பையன் இல்லை, மூணும் பொண்ணு. மூத்தவ திலகவதி, எனக்குக் குடுத்தது. ரெண்டாவது பூங்கொடி, அவளை ரகுவரன்னு ஒருத்தருக்குக் குடுத்து டெக்சாஸ்ல இருக்கறாங்க. மூணாவதுதான் மேகலா. தங்கமான குடும்பம். நான் குறை சொல்லவே மாட்டேன். குறைன்னு சொல்லணும்னா ஒண்ணே ஒண்ணு. கூடவே இருக்கறவன் அந்த வீட்டுல கண்ணுக்குத் தெரிய மாட்டான்.

மாமியாருக்குக் கண்ணு ஆபரேசன் ஆச்சு. ஆஸ்பத்திரில யாரு உக்காந்திருந்தது? நான். போர் மோட்டார் எரிஞ்சு போச்சு, குழிக்குள்ள இறங்குனது யாரு? நான். ரகுவரன் என்ன பண்ணுவாரு, போன்ல வந்து "அத்தை, கண்ணு நல்லாத் தெரியுதுங்களா"ன்னு கேப்பாரு. உடனே மாமியாருக்கு அந்த ஆபரேசன் பண்ணுன கண்ணுலயே தண்ணி கொட்டும். நான் நேர்ல போய் நின்னா, "மாப்ளே, செருப்புக் காலோட வராதீங்க, இப்பத்தான் தொடச்சேன்"பாங்க. கணக்குப் பாத்துச் சொல்றேன்னு நினைக்காதீங்க. நான் அந்த மாதிரி ஆள் இல்லை.

மாமனாருக்கு அறுபதாம் கல்யாணம் வந்துச்சு. மண்டபம் பேசுனது நான், சமையலுக்கு ஆள் புடிச்சது நான், வாசல்ல வாழை மரம் கட்டுனதும் நான். ரகுவரனுக்கு லீவு கிடைக்கலை. அவரு வரலை, முட்டை வந்துச்சு.

முட்டைன்னுதான் அதுக்கு எங்க வீட்டுல பேரு. பெங்களூர்ல இருந்து லாரில ஒரு மரப்பெட்டி வந்துச்சு, நாலு லோடுமேன் சேந்து இறக்குனாங்க. பிரிச்சுப் பாத்தாக் கரும்பச்சைல பெரிய முட்டைங்க. முழுக்கப் பீங்கான். மேல் பாதி மூடி, அதைத் தூக்கிட்டு உள்ள கரி போட்டுக் கோழி சுடலாம், ஆட்டுத்தொடை சுடலாம். நூறு கிலோவுக்குக் குறையாது. தெருவே கூடிருச்சு. மாமியார் எலுமிச்சம்பழம் நறுக்கி, குங்குமம் தடவி, முட்டைக்குத் திருஷ்டி சுத்திப் போட்டாங்க. நானும் பதினாறு வருசமா அந்த வீட்டு மாப்பிள்ளை. எனக்கு ஒரு மொளகா சுத்திப் போட்டதில்லைங்க.

ஆனா பாருங்க, அந்த முட்டைக்குக் கால் இல்லை. தரைல வெச்சாக் குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போயிரும். கம்பெனிக்காரன் பேப்பர்ல ஒரு படம் போட்டிருந்தான். மர டேபிளு, நடுவுல வட்டமா ஓட்டை. அந்த ஓட்டை வழியா மேல இருந்து முட்டையை இறக்கணும். கீழ்த்தட்டுல ஒரு கல்லு, அது மேல முட்டை உக்காரும். பாதி வயிறு டேபிளுக்கு மேல தெரியும், ரெண்டு பக்கமும் தட்டு, மசாலா எல்லாம் வெச்சுக்கலாம். அதையும் வெளிநாட்டுல இருந்தே வரவழைச்சுத் தர்றேன்னு ரகுவரன் போன்ல சொல்றாரு. அண்ணாவுக்கு எதுக்குச் சிரமம்ன்னு சொல்றாரு.

சிரமமாம். மரத்துலயே சோறு திங்கறவன் நான் ஒருத்தன் இங்க இருக்கேன், டெக்சாஸ்ல இருந்து அட்டைப்பெட்டில டேபிள் வருமா? எனக்குச் சுர்ருன்னு ஏறிருச்சு. "மாமா, டேபிள் என் பொறுப்பு"ன்னுட்டேன். மனசுக்குள்ள என்ன நினைச்சேன்னா, முட்டையைப் பாக்க வர்றவன் டேபிளைப் பாத்துட்டுப் போகணும். அவ்வளவுதான். இதுல என்ன தப்பு இருக்குது?

தேக்கு எங்க வீட்டு வாசக்கதவுக்குன்னு எடுத்து வெச்சது. புது வீடு கட்டி, கதவு மட்டும் பாக்கி. நானே நிதானமாச் செஞ்சுக்கலாம்ன்னு வெச்சிருந்தேன். அதை எடுத்தேன். திலகா கத்துனா. வாசல்ல தகரத்தைச் சாத்தி வெச்சுட்டுக் குடியிருக்கோம், எங்கப்பன் கோழி சுடறதுக்குத் தேக்குக் கேக்குதான்னு கேட்டா. பொம்பளைங்களுக்கு இதெல்லாம் புரியாதுங்க. மத்த மரம்ன்னா வெயில்ல வெடிக்கும், மழைல ஊதும். வெளிய கிடக்கற டேபிளுக்குத் தேக்குத்தான் நிக்கும். அதுவும் போக, முட்டைக்குப் பக்கத்துல வேப்பமரத்தையா வெக்க முடியும்?

காலு நாலும் நல்ல கனம். ஒரு ஆணி அடிக்கலை, ஸ்குரூ போடலை. எல்லாமே கழுந்து சீவி, துளைல இறக்கி, மர முளை அடிச்சது. கீழ்த்தட்டுல கருங்கல் பலகை. மேல்பலகை ஒட்டு எங்கன்னு விரலால தடவுனாலும் தெரியாது. எண்ணெய் தேச்சுத் தேச்சு, காய விட்டு, மறுபடி தேச்சு. ஒரு ஃபவுண்டரிக்காரன் வால்வு பேட்டர்னுக்கு நாயா அலைஞ்சுட்டு இருந்தான், அவனைத் தள்ளி வெச்சுட்டேன். திலகாகூட ஒரு நாள் பட்டறைக்கு வந்து பாத்துட்டு, ஒண்ணும் பேசாம, கையை மட்டும் ஒரு தடவை பலகை மேல வெச்சு எடுத்துட்டுப் போனா. அவ பேசாம இருந்ததுல இருந்தே தெரியலைங்களா, எப்படி வந்திருந்துச்சுன்னு.

டீ வந்துருச்சு, எடுத்துக்குங்க. சூடு.

இப்ப ஓட்டையோட கதைக்கு வர்றேன். முட்டையோட வயித்தை அளக்கோணும். ஞாயித்துக்கிழமை போனேன். பெரிய காலிப்பர்ல, அதாவது கவட்டை மாதிரி இருக்குமே, அதுல வயித்தைப் புடிச்சு, அப்படியே ஸ்கேல் மேல வெச்சுப் படிச்சேன். ஐநூத்தி எண்பத்தெட்டு மில்லி. மேகலா பக்கத்துல நின்னுட்டு இருந்தா. கம்பெனிப் பேப்பர் அவ கையில இருந்துச்சு. "மாமா, இதுல அறுநூறுன்னு போட்டிருக்குதே"ன்னா.

எனக்கு அந்த நிமிசம் வந்த சந்தோசம் இருக்குதே, சொன்னா நம்ப மாட்டீங்க. கம்பெனிக்காரன் எப்பவுமே பெருசாத்தான் போடுவான் அம்மணி, எல்லாம் விளம்பரம்ன்னு சொன்னேன். இன்னொரு தடவை அளந்து பாருங்க மாமான்னா. எதுக்கு அளக்கணும்? அன்னைக்கு ராத்திரிச் சாப்பாட்டுல மாமனார்கிட்டச் சொன்னேன், உங்க டெக்சாஸ் மாப்பிள்ளை அனுப்புன முட்டை, சொன்ன அளவு இல்லைங்க மாமா, கம்மியாத்தான் இருக்குதுன்னு. அவரு ரசத்தைப் பிசைஞ்சுட்டு, இருந்துட்டுப் போகுது மாப்ளேன்னாரு. நான் ரெண்டாவது தடவையும் சொன்னேன்.

முட்டை சரியாத்தான் இருந்துச்சுங்க. ஸ்கேல்தான் வேற.

இங்க பாருங்க, இந்த ரெண்டு ஸ்கேலும் ஒண்ணு மாதிரியே இருக்குதா? பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. இதோட அறுநூறு அதைத் தாண்டிப் போகுது பாத்தீங்களா. காய்ச்சி ஊத்துன இரும்பு ஆறும்போது சுருங்கும். அதனால பேட்டர்னைக் கொஞ்சம் பெருசாச் செய்யோணும். ஒவ்வொரு தடவையும் கணக்குப் போட்டுட்டு இருக்க முடியுமா? அதுக்காக ஸ்கேலையே நீட்டி அடிச்சு வெச்சிருப்பாங்க. இது ஸ்டீல் வார்க்கறதுக்கு உள்ளது, இதுல நூறுன்னு இருந்தா நெசத்துல நூத்தி ரெண்டு. இதை வெச்சு ஒரு சாமானைச் செஞ்சாப் பெருசா வரும். ஆனா இதை வெச்சு ஏற்கெனவே இருக்கற சாமானை அளந்தா, எல்லாமே சிறுசாத்தான் தெரியும். அன்னைக்கு என் பையில இருந்தது இந்த ஸ்கேலு. எங்க தொழில்ல இருக்கறவன் தவிர வேற எவனும் இந்தத் தப்பைப் பண்ணவே முடியாதுங்க. ஆனைக்கும் அடி சறுக்கும்.

ஓட்டையையும் அதே ஸ்கேல்ல நானே வெட்டியிருந்தாச் சரியா வந்திருக்கும். தப்பும் தப்பும் சரியாப் போயிருக்கும். வட்டம் கண்ணாடி மாதிரி வரணும்ன்னு ஆசைப்பட்டு, தெரிஞ்சவன் கடைல கம்ப்யூட்டர் மெஷின்ல குடுத்து வெட்டுனேன். மெஷினுக்கு என்ன தெரியும், சொன்ன மில்லியை நெச மில்லியா வெட்டிருச்சு. இடைவெளியும் ஒரு நூலுதான் விட்டேன். ரொம்ப விட்டா அது கைவேலையா?

புரட்டாசில அந்த வீட்டுல கறி கிடையாது. அது முடிஞ்ச கையோட ரகுவரன் குடும்பத்தோட லீவுல வந்தாரு. ஞாயித்துக்கிழமை சொந்தபந்தம் எல்லாரையும் கூப்பிட்டாச்சு. காங்கயத்துப் பெரியம்மா வந்திருந்தாங்க. பின்பக்கம் அக்கினி மூலைல டேபிளை வெச்சு, மேல ஒரு வேட்டியைப் போட்டு மூடி வெச்சிருந்தேன். வேட்டியை எடுத்தேன் பாருங்க, எல்லாரும் கிட்ட வந்துட்டாங்க. மாமனார் டேபிளைச் சுத்தி வந்தாரு. கால்ல ஒரு தட்டுத் தட்டிப் பாத்தாரு. "மாப்ளே, இது பூஜை ரூம்ல இருக்க வேண்டியதாச்சே"ன்னாரு. பதினாறு வருசத்துல அவரு எனக்குன்னு சொன்ன வார்த்தை அதுதானுங்க. ரகுவரன்கூடக் குனிஞ்சு அடிப்பக்கம் எல்லாம் பாத்துட்டு, அண்ணா, இதுல ஆணியே இல்லையான்னு கேட்டாரு. கேக்கட்டும்ன்னு நின்னேன்.

அப்பறம் முட்டையைத் தூக்குனோம். நானு, ரகுவரன், பக்கத்து வீட்டுக்காரங்க ரெண்டு பேரு. நேரா ஓட்டைக்கு மேல கொண்டு வந்து மெதுவா இறக்குனோம். பாதி வயிறு வரைக்கும் போச்சு. நின்னுருச்சு.

திருப்பிப் பாத்தோம், போகலை. ஒரு பக்கம் சாய்ச்சுப் பாத்தோம், போகலை. நூறு கிலோவைக் கையில புடிச்சுட்டு நாலு பேரும் நிக்கறோம். ரகுவரன் சொன்னாரு, அண்ணா, பரவாயில்லை, வெளிய எடுத்துக் கீழ வெச்சுட்டுப் பாக்கலாம்ன்னு. எனக்கு அந்தப் பரவாயில்லைங்கற வார்த்தை வந்து நெஞ்சுல குத்துச்சு. பரவாயில்லைன்னு சொல்ல இவரு யாரு? இறங்கும், அமுத்துங்கன்னு நான் சொல்றேன். பீங்கான் எங்கயோ கிரீச்சுன்னுச்சு. அப்பறம் மாமனாரே அதட்டுனாரு. மேல தூக்கிச் சாக்கு மேல வெச்சுட்டோம்.

எல்லாரும் என்னைப் பாக்கறாங்க. மாமனார் கேட்டாரு, "ஏன் மாப்ளே, அளந்துதானே வெட்டுனீங்க?" அவ்வளவுதான் கேட்டாரு. அந்த முற்றம் முழுக்க ஆளு. ஓட்டை போட்ட தேக்கு டேபிளு ஒரு பக்கம், சாக்கு மேல முட்டை ஒரு பக்கம், நடுவுல நானு.

மேகலா அந்த நேரத்துல என் பைகிட்ட உக்காந்திருந்தா. பையில இருந்த ஸ்கேலை எடுத்து, வீட்டு டேப்பை இழுத்து அது மேல வெச்சுப் பாத்துட்டு இருந்தா. வேற யாரும் கவனிக்கலை, நான் பாத்தேன். அவளும் என்னைப் பாத்தா. எனக்கு உசுரே போயிருச்சு. இப்பச் சொல்லப் போறா, எல்லார் முன்னாடியும் சொல்லப் போறா, அந்த ரகுவரன் கேக்கப் போறாருன்னு நினைச்சேன்.

அவ ஸ்கேலைப் பைக்குள்ள வெச்சு மூடிட்டு எந்திரிச்சா. "அப்பா, மாமா காலிப்பரைத்தான் புடிச்சுட்டு நின்னாரு. ஸ்கேலைப் படிச்சது நான். நான்தான் தப்பாப் படிச்சுச் சொல்லீட்டேன்."

அப்படியே சொன்னாளுங்க. முகத்துல ஒரு மாத்தமும் இல்லை. மாமனார், "மருந்துச்சீட்டையும் இப்படித்தான் படிக்கறியா அம்மணி?"ன்னு கேட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. காங்கயத்துப் பெரியம்மாதான் ரொம்பச் சிரிச்சாங்க. அன்னைல இருந்து அந்தப் பொண்ணு பாலை அளந்தாலும் சரி, அரிசியை அளந்தாலும் சரி, மேகலா அளந்துதா, அப்ப மறுபடி அளங்கன்னு கேலிதான். அதுதான் அந்தம்மா வாய் வழியா உங்க வரைக்கும் வந்து சேந்திருக்குது.

நான் என்ன சொன்னேன்னு கேக்கறீங்களா? குனிஞ்சு, கீழ விழுந்த ஆணியைத் தேடற மாதிரி நின்னுட்டேன். ஆணியே இல்லாத டேபிளுங்க. அவளே முன்னால வந்து சொல்றா, நான் எதுக்கு மறுக்கணும்? சின்னப் பொண்ணு, அவளுக்கு அது ரெண்டு நாள் கேலி. எனக்கு அப்படியா? தொழில்காரன், அதுவும் அந்த ரகுவரன் முன்னாடி.

அப்பறம் அரமும் உப்புத்தாளும் வெச்சு நான் ஓட்டையைப் பெருசு பண்ணுனேன். இந்தத் தடவை ரெண்டு விரல்கடை இடைவெளி விட்டேன். சூட்டுக்கு அதுதான் நல்லதுன்னு அப்பறம் தெரிஞ்சுது. ரகுவரனும் கூடவே உக்காந்து மத்தியானம் முழுக்க உப்புத்தாள் தேச்சாரு. யாரு கேட்டா அவரை? கையெல்லாம் கொப்புளம். பாவம் சின்ன மாப்பிள்ளை, பழக்கமில்லாத கைன்னு மாமியார் தேங்காய் எண்ணெய் தடவி விட்டாங்க. என் கையில இருக்கற காய்ப்பை இத்தனை வருசத்துல யாராவது தொட்டுப் பாத்திருப்பாங்களா? இதோ, நீங்க பாருங்க.

பொழுது சாயத்தான் முட்டை உக்காந்துச்சு. கோழி வெந்துச்சு. நல்லாத்தான் இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். எல்லாரும் முட்டையைத்தான் சொன்னாங்க. முட்டைல வெந்தா எலும்பு கழண்டு வருது, முட்டைல வெந்தாப் பஞ்சு மாதிரி இருக்குதுன்னு. ரகுவரனைச் சுத்தி நின்னுட்டுப் பேசறாங்க. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையேன்னு சொல்லுவாங்களே, அந்த மாதிரி என் டேபிள் மேல வெச்சு எல்லாருக்கும் எடுத்து எடுத்துக் குடுத்தாரு. எவனோ ஒருத்தன் ஈர டம்ளரைப் பலகை மேலயே வெச்சுட்டுப் போயிட்டான். நான்தான் துணியை எடுத்துட்டு வந்து தொடச்சேன்.

ஆனா லீவு முடிஞ்சு ரகுவரன் போயிட்டாருல்ல. இப்ப ஞாயித்துக்கிழமை ஆனா அந்த டேபிள்கிட்ட நானும் மாமனாரும்தான். கரி அடுக்கறது நானு, பத்த வெக்கறது நானு. அவரு ஒரு நாற்காலியைப் போட்டுப் பக்கத்துல உக்காந்துக்குவாரு. பெருசா ஒண்ணும் பேச மாட்டோம். மாப்ளே, மூடியைக் கொஞ்சம் தூக்கி விடுங்கம்பாரு, தூக்குவேன். போதும்பாரு, மூடுவேன். எனக்கு அதுல என்னமோ ஒரு நிம்மதிங்க. அப்பன் இல்லாம வளந்தவன் நான், அதனாலயோ என்னமோ.

அதனால நீங்க பொண்ணைப் பத்திக் கவலையே படாதீங்க. சொக்கத் தங்கம். ஸ்கேலைப் படிச்சது நானு. அவ கண்ணுல பட்டது நெசமான அளவுதான். உங்க வீட்டம்மாகிட்டத் தாராளமாச் சொல்லுங்க. கல்யாணத்தை முடிச்சுப் புனேக்கு அனுப்பி வெய்ங்க.

என்னங்க? புனே இல்லையா?

மாத்தல் வாங்கிட்டு வந்துட்டாரா. எப்ப? சரி. கோயமுத்தூர் பிராஞ்சுக்கா. வீடு எங்க பாத்திருக்கீங்க? பீளமேட்டுலயா? அந்தப் பிள்ளையார் கோயில் வீதியா. அது எங்க மாமனார் வீட்டுக்கு அடுத்த வீதிங்களே. ஓ, வேணும்ன்னுதான் பாத்தீங்களா. வயசானவங்க ரெண்டு பேரையும் காலையில சாயங்காலம் எட்டிப் பாத்துக்கலாம்ன்னு பையனே சொன்னாரா. நல்ல பையன்.

ஞாயித்துக்கிழமை வரச் சொல்லியிருக்காரா மாமனார்? பையனையா? எதுக்குங்க? முட்டைல கோழி சுடறதைக் காட்டறேன்னு சொன்னாரா. தானே நின்னு சொல்லித் தர்றேன்னு சொன்னாரா.

ம். குடிங்க, டீ ஆறுது.

ஏனுங்க, ஒண்ணு சொன்னாத் தப்பா எடுத்துக்க மாட்டீங்களே. எதுலயும் அவசரப்படாதீங்க. நான் பாட்டுக்குப் படபடன்னு பேசிட்டேன். யோசிச்சுப் பாத்தா, ஸ்கேலைப் படிச்சது நான்னாலும், அவளும் பக்கத்துலதானே நின்னுட்டு இருந்தா? ஸ்கேல் மேல சந்தேகம் இருந்திருந்தா அன்னைக்கே அழுத்திச் சொல்லியிருக்கணுமில்லைங்களா? பட்டும் படாமச் சொன்னா. கொஞ்சம் கவனம் பத்தாதுன்னு ஒரு தாயார் நினைச்சா, அதையும் தப்புன்னு சொல்ல முடியாதுங்க. மருந்து விஷயம் வேற. பக்கத்துல வேற குடியிருக்கப் போறீங்க. மாமனார் வீட்டுக்குப் பக்கத்துல மாப்பிள்ளை இருந்தா மரியாதை இருக்காதுங்க, என்னையே பாருங்களேன். வேற நல்ல இடம் வந்தா அதையும் பாத்துக்குங்க. நான் அக்கறைலதான் சொல்றேன். எனக்கு இதுல என்ன வந்துச்சு?

எந்திரிச்சுட்டீங்க. கிளம்பறீங்களா. சரிங்க.

ஒண்ணு கேக்க மறந்துட்டேன். பட்டறையைக் கண்டுபுடிச்சு எங்கிட்ட வந்து விசாரிக்கச் சொன்னது யாருங்க? காங்கயத்து அம்மாவா? மாமனாரா?

மேகலாவா?

அவளே சொன்னாளா. டேபிள் விஷயத்தை நீங்க அவகிட்டயே கேட்டீங்களா? கேட்டதுக்கு என்ன சொன்னா? என்ன, மறுபடி சொல்லுங்க. "எனக்காக நானே பேசுனா நல்லா இருக்காதுங்க மாமா. எங்க பெரிய மாமா பட்டறைல போய்க் கேளுங்க. அவரு என்னைப் பத்தி என்ன சொல்றாரோ, அதையே வெச்சு முடிவு பண்ணிக்குங்க." இப்படியே சொன்னாளா?

வேற ஒண்ணும் சொல்லலையா. ஸ்கேலைப் பத்தி? ஒரு வார்த்தை சொல்லலை.

எனக்கு என்னமோ மாதிரி இருக்குதுங்க. இருங்க, போகாதீங்க. கொஞ்சம் இருங்க. நான் கடைசியாப் பேசுனேன் பாருங்க, அதைக் கணக்குல எடுத்துக்காதீங்க. அது வேற யாரோ பேசுனதுன்னு வெச்சுக்குங்க. உங்க வீட்டம்மா நெம்பரைப் போடுங்க. போடுங்கன்னு சொல்றேன். நானே பேசறேன். ஸ்கேலும் என்னோடது, படிச்சதும் நானு, அந்தப் பொண்ணு அப்பவே சரியாச் சொல்லுச்சு, நான்தான் கேக்கலைன்னு என் வாயாலயே சொல்லீர்றேன். எடுக்கலையா? சரி, வண்டில போறப்பப் பேசிக்கலாம்.

ஆமாங்க, வண்டிலதான். என் வண்டில ஏறுங்க, இப்பவே மாமனார் வீட்டுக்குப் போறோம். நீங்க தனியாப் போனீங்கன்னா அவரு நேரா முட்டைகிட்டக் கூட்டிட்டுப் போயிருவாரு, மூடியைத் தூக்கித் தூக்கிக் காட்டுவாரு, டேபிளைப் பத்தி ஒரு வார்த்தை வராது. நான் கூட இருந்தாத்தான் ஆகும். பட்டறையைச் சாத்தீட்டு வர்றேன்.

அப்பறம், பையனுக்கு மர வேலை எதாவது தெரியுங்களா? கோழி சுடுவாரா? ஒண்ணும் தெரியாதா. நல்லதாப் போச்சு. நான் சொல்லித் தர்றேன். கரி அடுக்கறதுல இருந்து ஒவ்வொண்ணா நான் சொல்லித் தர்றேன்னு மாமனார்கிட்டச் சொல்லீருங்க, அவருக்கு எதுக்கு அந்த வயசுல சிரமம்.

அங்க போனதும் பேச்சை நான்தான் எடுப்பேன், நீங்க குறுக்க எதுவும் பேச வேண்டாம். நீங்களா வந்ததா இருக்க வேண்டாம், பெரிய மாப்பிள்ளை தண்டபாணி கூட்டிட்டு வந்தாருன்னு இருக்கட்டும். மூணாவது மாப்பிள்ளை நான் கொண்டு வந்த மாப்பிள்ளை. புரியுதுங்களா? இனிமே ஞாயித்துக்கிழமை அந்த டேபிள்கிட்ட நாங்க ரெண்டு பேரு நிப்போம். அந்த டெக்சாஸ்காரரு ஒருத்தருதானே. ஏறுங்க, நல்லாப் புடிச்சுக்குங்க.